மாமனாரைத் தூக்க முடியவில்லை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் வலது தோளைத் தவிர. உங்கள் நலத்தையும் அண்ணியின் நலத்தையும் அறிய ஆவல். குளியலறையில் வழுக்கியதால் வலி வந்தது என்று சொன்னீர்களே, அந்தத் தோள் இப்போது எப்படி இருக்கிறது என்று தனியாக ஒரு வரி எழுதவும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் "அண்ணா, அந்த லென்ஸ்..." என்று ஆரம்பித்ததுமே நீங்கள் "எப்படி? அருமையா இருக்கா?" என்று கேட்டுவிடுகிறீர்கள். நானும் "அருமை அண்ணா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் இதேதான் நடக்கிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. ஆகவே ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் அன்போடு கொடுத்த லென்ஸ் மிகவும் கனமாக இருக்கிறது.

எழுதிவிட்டேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. இனிமேல் படமெடுக்கக் காட்டுக்குப் போக நேரமில்லை என்று நீங்கள் முடிவு செய்தபோது, அந்தப் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸை விற்காமல், "குட்டிதான் இதுக்கு வாரிசு" என்று என் மடியில் வைத்தீர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதிக் கலக்கம் பாசத்தால், மீதி கால் மரத்துப்போனதால். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மேசையில் வைத்தால் உருண்டுவிடும், அலமாரியில் வைத்தால் பலகை வளைகிறது என்று கடைசியில் கூடத்தில் அதற்கென்று ஒரு நாற்காலி ஒதுக்கினோம். தலைக்கு ஒரு தலையணை, மேலே ஒரு துண்டு. வருகிறவர்கள் அதில் உட்காரப் போனால் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக "ஐயோ, அங்க வேண்டாம்!" என்று கத்துகிறோம். இரண்டு கையாலும் தாங்கித் தூக்க வேண்டும், குரலை உயர்த்தாமல் நடந்துகொள்ள வேண்டும், எதிரே நின்று குறை சொல்லக்கூடாது. இதையெல்லாம் பார்த்துவிட்டு என் மகள் அதற்கு 'மாமனார்' என்று பெயர் வைத்தாள். உங்கள் மாப்பிள்ளைக்கு முதலில் வருத்தம்தான். ஒருநாள் அதைத் தூக்கி நாற்காலியைத் துடைத்தபிறகு, "எங்கப்பாகூட இவ்ளோ வெயிட் இல்ல" என்று அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

சும்மா வைத்து அழகு பார்த்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. விஷயம் நான் வேலை செய்யும் இடத்தில் ஆரம்பித்தது. கண் மருத்துவமனையில் பின்பக்க அறை எனக்கு. காலையிலிருந்து மாலைவரை "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கண்ணாடிக்குப் பவர் பார்க்கிறேன். அது முடிந்தால் சக்கரம் வைத்த மேசையில் இருக்கும் கருவிக்கு எதிரே அவர்களை உட்காரவைத்து, "தாடையை இங்க வைங்க, நெத்தியை ஒட்டிக்குங்க, அசையாதீங்க" என்கிறேன். தூக்கத்தில்கூட இதைச் சொல்கிறேனாம். அந்த அறை ஜன்னலுக்கு நேர் கீழே வாய்க்கால். அங்கே ஒரு நீர்நாய் குடியிருக்கிறது, அண்ணா. நான் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கரையில் மரவேருக்கு அடியில் வளை. தாய், சின்னதாகச் சில குட்டிகள். அது தண்ணீரில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் மீனை வைத்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதுபோல் தின்பதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேலையில் கவனம் இல்லை. ஒரு மனுஷிக்கு அப்படி மல்லாந்து படுக்க வாய்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஒரு பெரியவருக்கு இடது கண் பவரை வலது கண்ணுக்கு எழுதிவிட்டேன். நல்லவேளை, அவரே கண்டுபிடித்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்து வாய்க்கால் இன்ஜினியர் கண்ணாடி போட வந்தார். வாய்க்காலை ஆழப்படுத்தப்போகிறார்களாம், எங்கள் பக்கத்துக் கரையிலிருந்துதான் ஆரம்பமாம். எழுத்துப் பலகையை அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நான் விஷயத்தைச் சொன்னேன்.

"நீர்நாயா? மேடம், எங்களுக்கு வந்த புகார்ல பெருச்சாளின்னுதானே இருக்கு."

"பெருச்சாளி மல்லாந்து படுத்து மீன் திங்குமா சார்?"

"அது எனக்குத் தெரியாது. புகார்ல இருக்கறதைச் சொல்றேன்."

"குட்டிங்க இருக்கு சார். இன்னும் நீந்தக்கூடத் தெரியாது. கரையை வெட்டினா அவ்ளோதான்."

"அப்ப ஒரு போட்டோ குடுங்க. மூஞ்சி தெரியணும். குட்டியும் தெரிஞ்சா வேலையைத் தள்ளி வெக்கலாம், அதுக்கு விதி இருக்கு. வெறும் வாய் வார்த்தைக்கு விதி கிடையாது மேடம்."

இதுதான் நிலைமை. கரையை வெட்டும் மெஷின் வருவதற்குள் மூஞ்சி தெரிகிற மாதிரி ஒரு படம். கைபேசியில் எடுத்தேன், தண்ணீரில் எள் விழுந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் மாமனார் நினைவுக்கு வந்தார். கேமராவில் மாட்டி எவ்வளவு சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனேன் தெரியுமா? அந்தச் சந்தோஷம் வாய்க்கால் கரைவரைக்கும் தாங்கியது. நீர்நாய் நாம் பார்க்கும் இடத்தில் தலையை நீட்டுவதில்லை, அண்ணா. அது நீட்டியபிறகுதான் நான் லென்ஸை நீட்ட முடியும். நான் நீட்டி முடிப்பதற்குள் அது வாலைக் காட்டிவிட்டுப் போய்விடும். முன்கூட்டியே தூக்கிப் பிடித்துக் காத்திருக்கலாம் என்றால் முதலில் மணிக்கட்டு, பிறகு முழங்கை, பிறகு தோள் என்று வரிசையாக நடுங்கத் தொடங்குகின்றன. இப்போது வருகிற லென்ஸ்களில் கைநடுக்கத்தை அடக்கும் வசதி இருக்கிறதாம். மாமனார் பிறந்த காலத்தில் கை நடுங்கினால் ஆளைத்தான் மாற்றுவார்கள் போலிருக்கிறது. "ஸ்டாண்டு வெச்சு எடுக்கறது போட்டோ இல்ல, பாத்திரம் அடுக்கறது" என்று நீங்கள் சொன்னது மறக்கவில்லை. இருந்தாலும் வெட்கத்தை விட்டு ஒரு முக்காலி ஸ்டாண்டை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். சரிவில் ஒரு கால் சேற்றுக்குள் போனது. அதை இழுத்தபோது இன்னொன்று போனது. நான் மாமனாரைக் கட்டிப்பிடித்தபடி கரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது.

எடுத்தவற்றில் நன்றாக இருந்ததை மகளிடம் காட்டினேன். "அம்மா, இது நீர்நாயா, யாரோ துண்டைத் தண்ணியில விட்டுட்டாங்களா?" என்றாள். சின்னப்பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று இன்ஜினியர் புதுக் கண்ணாடி வாங்க வந்தபோது அவரிடம் நீட்டினேன். மனிதர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "பவர் சரியில்ல போலிருக்கே மேடம்" என்றார். திரும்ப உட்காரவைத்துச் சோதித்தேன். கடைசி வரிவரைக்கும் பிசகில்லாமல் வாசித்தார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு சார், படம்தான் நல்லாயில்ல" என்று என் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. இத்தனை வருஷ வேலையில் யாரிடமும் இப்படி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

அடுத்து உங்கள் மாப்பிள்ளையின் தோள். உயரம் சரியாக இருந்தது, அதனால் அவரை முன்னால் நிறுத்தி அதன்மேல் லென்ஸை வைத்தேன்.

"மூச்சு விடாதீங்க."

"எவ்ளோ நேரம்?"

"அது வர்ற வரைக்கும்."

"எப்ப வரும்?"

"பேசாதீங்க, பேசினா ஆடுது."

"கல்யாணத்தப்ப இதைப்பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லலியே நீ."

வந்தது. என் துரதிர்ஷ்டம், முதலில் பார்த்தவர் அவர். "அதோ!" என்று திரும்பினார். அவர் திரும்பினால் தோளும் திரும்பும்தானே, மாமனாரும் கூடவே போனார். நான் பட்டனை அழுத்திவிட்டேன். எதிர்க்கரையில் கொடியில் காய்ந்த ஒரு பனியன் படத்தில் விழுந்தது. அதில் இருந்த ஓட்டைகூட அவ்வளவு தெளிவு. நடுங்காமல் எடுத்த ஒரே படம் அதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் லென்ஸின் தரத்தில் குறையில்லை என்பதற்கு அத்தாட்சி.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கையில் வைத்தே எடுக்க வேண்டும், அதற்கு என் கை தாங்குகிற லென்ஸ் வேண்டும். இணையத்தில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் எடை போட்டிருக்கிறார்கள். எடையைப் படித்தால் தோளுக்குப் புரியுமா? அதனால் காலி பாட்டில்களில் தண்ணீரையும் மணலையும் நிரப்பி, சமையலறைத் தராசில் நிறுத்து, ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு பாட்டில் தயார் செய்தேன். மாலையில் மொட்டைமாடிக்குப் போய் ஒவ்வொன்றாகக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, எப்போது நடுங்குகிறது என்று பார்ப்பேன். இதில் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன், கேளுங்கள். ஒரே பாட்டில்தான், மணல் மூடிப்பக்கம் சரிந்தால் கை இறங்குகிறது, என் பக்கம் சரிந்தால் லேசாகிவிடுகிறது. கனம் எவ்வளவு என்பதைவிட, கனம் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். உடம்பை ஒட்டி இருந்தால் தாங்கிவிடலாம். வாழ்க்கைக்கும் பொருந்துமே என்று பாட்டிலைக் கண்ணிலிருந்து எடுக்காமல் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அதைக் கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். மறுநாள் படிக்கட்டில் உங்கள் மாப்பிள்ளையை மடக்கினாராம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் கொஞ்ச நாளா மாடியில பாட்டிலும் கையுமா..."

"அது லென்ஸ் சார்."

"என்னது?"

"அதாவது, பாட்டில்தான். ஆனா அவ அதை லென்ஸா நினைச்சுக்கறா."

"எங்க மச்சானுக்கும் இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது."

இப்போது அவர் என்னைப் பார்த்தால் ரொம்ப மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரி, "சாப்பிட்டீங்களா?" என்கிறார். மொட்டைமாடிச் சாவி அவர் வீட்டில்தான் இருக்கிறது. கேட்டால் தேடுகிறேன் என்கிறார்.

சாவி கிடைக்காததால் கடைக்கே போனேன். பாட்டில்களில் தேறியவை இரண்டு. ஒன்று ஜூம். திருகினால் நீளும், தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரலாம், தள்ளிவைக்கலாம். ஆனால் நீளும்போது கனமும் முன்னால் போய்விடுகிறது, மணல் மூடிப்பக்கம் சரிந்த கதைதான். இன்னொன்று ஜூம் இல்லாதது. குட்டையாக, லேசாக, கைக்கு அடக்கமாக இருந்தது. ஒரே தூரம்தான், நாம்தான் முன்னே பின்னே நடக்க வேண்டும். மாலை வெளிச்சம் குறைந்தால் அதற்குக் கொஞ்சம் திணறல். கடைக்காரர் அதை என் கையில் கொடுக்கவே தயங்கினார். "லேசா இருந்தா யாரும் மதிக்க மாட்டாங்க மேடம். நாலு பேர் பாக்கற மாதிரி இருக்கணும்" என்றார். "நான் படம் எடுக்கப்போறது என்னைப் பாக்காம இருந்தாலே போதும்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஜூமைத் தூக்கினேன், வைத்தேன். மற்றதைத் தூக்கினேன். "முதல்ல குடுத்ததை இன்னொரு தடவை குடுங்க" என்றேன். "இப்ப ரெண்டாவதைக் காட்டுங்க. இல்ல, முதலாவதையே காட்டுங்க. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கில்ல?" கடைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். "மேடம் என்ன வேலை பாக்கறீங்க?" "லென்ஸ் தேர்ந்தெடுக்கறதுதான்" என்றேன். மனிதர் கூரையைப் பார்த்தார்.

வாங்காமல் வந்துவிட்டேன். வந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறேன், மாமனாரின் துண்டைச் சரிசெய்கிறேன், ஜன்னலைத் திறந்து மூடுகிறேன். இதுவா அதுவா என்று நான் கேட்கும்போது "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்கிறவர்கள்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா? அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, அண்ணா. தப்பாகச் சொல்லிவிட்டால் அந்தக் கண்ணாடியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பயம். எனக்கும் எது லேசு என்று கடையிலேயே தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. யோசித்துப் பார்க்கிறேன், இந்த வயதுக்குள் எத்தனை பைகள், எத்தனை மூட்டைகள், யாராவது கேட்டால் "பரவாயில்ல, நான் தூக்கிக்கறேன்" என்பதைத் தவிர வேறு பதில் சொன்ன நினைவே இல்லை. "கனமா இருக்கு" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. முதன்முதலாகச் சொல்ல வேண்டியது உங்களிடம் என்றால், வராதுதானே?

ஆனாலும் முடிவு செய்துவிட்டேன். ஜூம் இல்லாத, லேசானதுதான். நீர்நாய் எப்போதும் கிட்டத்தட்ட அதே தூரத்தில்தான் வருகிறது. வெளிச்சம் குறைந்தால் படத்தில் கொஞ்சம் மணல் தூவிய மாதிரி புள்ளி விழும், விழட்டும். இன்ஜினியருக்கு மூஞ்சி தெரிந்தால் போதும், மூஞ்சியின் அழகு தெரிய வேண்டியதில்லை. கடைக்காரர் பழைய லென்ஸை எடுத்துக்கொண்டு புதியதைத் தருவதாகச் சொல்கிறார். அதற்குத்தான் உங்கள் சம்மதம் வேண்டும். "கனமா இருந்தாதான் லென்ஸ் நல்ல லென்ஸ்" என்று நீங்கள் சொல்லிச்சொல்லி வளர்ந்தவள் நான். இது துரோகமாகத் தெரிந்தால் திட்டி ஒரு கடிதம் எழுதுங்கள், தாங்கிக்கொள்கிறேன். திட்டு உடம்பை ஒட்டித்தான் இருக்கும், கை வலிக்காது. மெஷின் வருவதற்குள் பதில் வர வேண்டும், அது மட்டும்தான்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் மாப்பிள்ளை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார், தோளைப் பிடித்துக்கொண்டே சொன்னார். மகள் உங்களுக்கு முத்தம் அனுப்பியிருக்கிறாள். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும், தூக்கிக்கொண்டு நடக்கிற அளவில் இருந்தால் போதும்.

உங்கள் அன்புத் தங்கை,
குட்டி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதுவும் செல்லாது. கடிதத்தைத் தபாலில் போட எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வரும் வழியில் கடைக்காரரிடம் காட்டலாமே என்று மாமனாரையும் கேமராவோடு பையில் போட்டுக்கொண்டேன். மத்தியானம் அறையில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தாய் நீர்நாய் வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு கரையோரமாகப் பாலத்தை நோக்கி நீந்துகிறது. போட்டுவிட்டு வருகிறது, அடுத்ததைக் கவ்விக்கொண்டு அதே வழியில் போகிறது. மாமனாரைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன். தூக்கத்தான் தெம்பில்லை. எங்கே வைப்பது என்று தவித்துச் சுற்றிப் பார்த்தால், சக்கரம் வைத்த மேசை கண்ணெதிரே நிற்கிறது. அதை ஜன்னலுக்கு உருட்டினேன், உயரத்தைச் சரிசெய்தேன், தாடை வைக்கிற கிண்ணத்தில் மாமனாரின் கழுத்தை வைத்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தார். என் வாய் தன்னால் சொன்னது: "தாடையை இங்க வைங்க, நெத்தியை ஒட்டிக்குங்க, அசையாதீங்க." அவர் அசையவில்லை, அண்ணா. இத்தனை வருஷமாக நடுங்குகிற தலைகளையெல்லாம் அதில் வைத்து நிறுத்தியவள், என் லென்ஸை நிறுத்த உலகம் முழுக்க இடம் தேடியிருக்கிறேன்! மூஞ்சி, மீசை, வாயில் தொங்கும் குட்டி, குட்டியின் காது, எல்லாம் விழுந்தது. இன்ஜினியருக்கு அனுப்பினேன். உடனே போன் செய்து, "மீசையை எண்ணலாம் போலிருக்கே மேடம்! இந்தக் கரை வேலையைத் தள்ளி வெச்சாச்சு" என்றார். ஆகவே லேசான லென்ஸ் வேண்டாம், சம்மதம் வேண்டாம், மாமனாரைப் போல ஒருவர் கிடைக்க மாட்டார்.

உறையை ஒட்டப் போகும்போது இன்ஜினியர் மறுபடி கூப்பிட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். அது குட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க போகுது?"

எட்டிப் பார்த்தேன். வளை காலி. அம்மா வீடு மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் படம் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கும் சார்."

"அடடா. மெஷின் சும்மா நிக்கக் கூடாதேன்னு அந்தப் பக்கம் ஆரம்பிக்கச் சொல்லிட்டேனே. சரி, அந்தக் கரைக்கும் ஒரு போட்டோ குடுத்துடுங்க."

பாலத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு ஜன்னல் இல்லை. மேசையைத் தெருவில் உருட்டிக்கொண்டு போகலாம் என்று உங்கள் மாப்பிள்ளை போனில் சொல்கிறார், கீழ்வீட்டுக்காரர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து. அதுவரை மெஷின் காத்திருக்குமா? பின்குறிப்பை அடித்துவிட்டு மேலே எழுதியதை முதலிலிருந்து படியுங்கள் என்று எழுத வந்தேன். அதுவும் ஆகாது, தபால் போய்ச் சேர்வதற்குள் கரை போய்விடும். அதனால் நின்ற நிலையில் உங்களுக்குப் போன் செய்தேன். உங்களுக்கு நினைவிருக்கும். "எப்படி? அருமையா இருக்கா?" என்றீர்கள். "கனமா இருக்கு அண்ணா" என்றேன். சொல்லிவிட்டுக் கடிதத்தால் முகத்தை விசிறிக்கொண்டேன். பிறகு நீங்கள் சொன்னீர்கள்:

"எனக்கும்தான் குட்டி. அதான் உனக்குக் குடுத்தேன்."

மாமனாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.